கேட்டால் கொடுக்கவும்

ஆறு முகங்கள் வரைந்த அட்டை
மருந்து வண்டியின் மேல் கிடக்கிறது.
சிரிக்கிற முகத்துக்குச் சுழியம்,
கண்ணீர் விடுகிற முகத்துக்குப் பத்து.
முனிரத்தினம் அதைக் கையால் ஒதுக்கிவிட்டார்.
காட்பாடி ரேஷன் கடையில்
முப்பது வருடம் தராசு பிடித்தவர்.
"முட்டி எவ்வளவு நோவுது, பத்துக்குச் சொல்லுங்க."
"முக்கால் கிலோ" என்றார்.
"நேத்து ஒண்ணே கால் இருந்துச்சு."
அப்படியே எழுதினேன்.
காலையில் மேற்பார்வையாளர்
சிவப்பு மையால் அதைச் சுழித்திருந்தார்.

பிச்சாண்டியிடம் அட்டையே கொண்டுபோவதில்லை.
வலியா? இல்ல.
நோவா? இல்ல.
குத்தலா, எரிச்சலா, இழுப்பா?
இல்ல, இல்ல, போம்மா.
கடுப்பா?
முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு சொல்கிறார்:
"அது இருக்குது. ஆவணிலேர்ந்து இருக்குது."
இப்போது மாசி.
படிவத்தில் இருப்பது ஒரே ஒரு சொல்,
அந்தச் சொல்லை அவருக்குத் தெரியவில்லை.

ஏழாம் கட்டில், நவநீதம்மாள்.
பேச்சு நின்று இரண்டு வருடம்.
குடியாத்தத்தில் பீடி சுற்றியவர்
என்று அவர் மகன் சேர்க்கும்போது சொன்னான்,
நோய் விவரம் எழுதும் இடத்தில்
அதற்குக் கட்டம் இல்லை.
பகல் முழுக்க அவர் விரல்கள்
போர்வை ஓரத்தை மடிக்கும், உருட்டும்,
கட்டைவிரல் நகத்தால் நுனியைக் குத்தி மூடும்.
அடுத்தது.
அடுத்தது.

குளிப்பாட்டும்போது மட்டும் அடிப்பார்.
"கடிக்க வருது சிஸ்டர்" என்று
எஸ்தர் ராணி கையைக் காட்டினாள்,
பல் பதிந்த இடம் கன்றியிருந்தது.
கோப்பின் மேலட்டையில் யாரோ
"முரட்டுத்தனம்" என்று எழுதி
இரண்டு முறை அடிக்கோடு போட்டிருந்தார்கள்.

ஒரு ராத்திரி, மின்சாரம் போய்,
காட்பாடிக்கு வரும் ரயிலின் சத்தம் மட்டும்
ஜன்னல் கம்பிகளில் அதிர்ந்த நேரம்,
டார்ச்சைப் போர்வை மேல் அடித்தேன்.
விரல்கள் நின்றிருந்தன.
தூக்கம் இல்லை. கண் திறந்திருந்தது.
புருவத்துக்கு நடுவில் ஒரு முடிச்சு.
இடது பக்கம் மெல்லத் திருப்பினேன்,
என் மணிக்கட்டைப் பிடித்தார்,
அடிக்கவில்லை, பிடித்தார்.

கோப்பைப் புரட்டினேன்.
பாரசிட்டமால், கேட்டால் கொடுக்கவும்.
பதினொரு மாதமாகக் கட்டங்கள் வெள்ளை.
கேட்கவே இல்லை, அதனால் வலியே இல்லை,
அதனால் முரடு.
இந்தக் கணக்கில் என் கையெழுத்தும்
நாற்பது இடத்தில் இருந்தது.

டாக்டர் ஜெபசெல்வி செவ்வாய்க்கிழமை வந்து
இடுப்பெலும்பை ஒரு விரலால் அழுத்தினார்.
சத்தமில்லை. அந்த முடிச்சு மட்டும்.
"எதை வெச்சு சொல்றீங்க?" என்று கேட்டார்.
"பீடி நின்னுபோச்சு டாக்டர்."
அவர் சிரிக்கவில்லை.
"கேட்டால்" என்பதை அடித்துவிட்டு எழுதினார்:
மூன்று வேளை, கேட்காமலே.
காலை மாத்திரை
குளிக்க முக்கால் மணி நேரம் முன்னால்.

இன்று ஒன்பதாம் நாள்.
வெந்நீர் தோளில் விழும்போது
எஸ்தரின் முந்தானையைப் பிடித்து
அதன் ஓரத்தைச் சுற்றத் தொடங்கினார்.
மருந்தா, இல்லை ராத்திரி பெய்த மழையில்
வேலூர் கொஞ்சம் ஆறியதாலா,
எனக்குத் தெரியாது.
நேற்று சாயங்காலம் மறுபடி நின்றது,
ஒரு மணி நேரம். அதையும் எழுதினேன்.

"நீங்க ஏன் சிஸ்டர் நொண்டுறீங்க?"
எஸ்தர் பின்னாலிருந்து கேட்டாள்.
குதிகால். தையிலிருந்து.
"ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டேன்,
சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது.

எட்டாம் கட்டில் எதுவும் கேட்கவில்லை.
வண்டியை அங்கே தள்ளுகிறேன்.